வாசகர் கேள்வி – பதில்: தண்டவாளம் முடிகிற இடத்தில்

கேள்வி: திருகோணமலைக்குக் கோச்சி வந்து நின்றதும் எஞ்சினைக் கழற்றி மற்றப் பக்கம் பூட்டுகிறார்கள். ஜப்பானில் ஹன்கியூ கம்பனியின் ஒசாக்கா-உமேதா நிலையமும் தண்டவாளம் முடிகிற இடம்தானாம். அங்கே சில நிமிடத்துக்கு ஒரு ரயில் எப்படிப் புறப்படுகிறது? – வாசகர், உவர்மலை

பதில்: கழற்ற அங்கே எஞ்சினே இல்லை. மின்மோட்டார்கள் பெட்டிகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. சாரதி அறை இரு முனையிலும் உண்டு. நம்மூரில் பெட்டிகளுக்குக் கைப்பிரேக் போட்டு, கொளுவியையும் பிரேக் குழாயையும் கழற்றி, எஞ்சினைப் பக்கப் பாதையால் சுற்றிக் கொண்டுவந்து பூட்டி, கடைசிப் பெட்டிவரை பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாய் வாயில் உள்ள ரப்பர் தேய்ந்து கசிந்தால் இன்னும் தாமதம். இது பார்க்காமல் விடக்கூடிய வேலையும் அல்ல. அங்கே சாரதி முன்னறையைப் பூட்டிவிட்டுப் பின்முனைக்கு நடந்தால் போதும். எட்டுப் பெட்டி என்றால் ஏறக்குறைய 150 மீற்றர், இரண்டு நிமிட நடை. இன்னொரு சாரதி அங்கே தயாராக நின்றால் அதுவும் மிச்சம்.

அடுத்தது மேடை. உமேதாவில் தண்டவாளம் 9, மேடை 10. ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் இரு பக்கமும் மேடை. முதலில் இறங்கும் பக்கக் கதவு திறக்கும். சற்றுப் பின்னர் ஏறும் பக்கம். இறங்குகிற சனமும் ஏறுகிற சனமும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வதில்லை. இதைத்தான் நான் பெரிய கெட்டித்தனம் என்பேன்.

கோபே, தக்கராசுகா, கியோட்டோ என்ற மூன்று மார்க்கத்துக்கும் மும்மூன்று தண்டவாளம். ஒரு ரயில் உள்ளே வந்து நின்று வெளியேற 9 நிமிடம் எடுத்தாலும் 3 நிமிடத்துக்கு ஒன்றை அனுப்பலாம். இடறுவது நிலைய வாசலில்தான்: உள்ளே வருகிற ரயில் வெளியே போகிறதன் பாதையைக் குறுக்கே வெட்டும்போது ஒன்று காத்திருக்க வேண்டும். முடிவில் முட்டுத்தடுப்பு இருப்பதால் வேகத்தையும் நன்றாகக் குறைத்தே உள்ளே வர வேண்டும். ஆனாலும் மூன்று மார்க்கமும் பிரிகிற ஜூசோ நிலையம் வரையான 2.4 கிலோமீற்றருக்கு மூன்று மார்க்கத்துக்கும் தனித்தனி இரட்டைப் பாதை, மொத்தம் ஆறு. அதனால் ஒரே கணத்தில் மூன்று ரயில்கள் கிளம்பி, அருகருகே ஆற்றுப் பாலத்தில் ஓடுவதைப் பார்க்கலாம்.

கேள்வி: உமேதா நிலையத்தோடு பெரிய கடைத்தொகுதி ஏன்? – வாசகி, உப்புவெளி

பதில்: காலையில் நகருக்கு வரும் ரயில் நிறையும், திரும்பும் ரயில் வெறுமையாகப் போகும். இரண்டு திசையிலும் சனம் வேண்டும் என்று நினைத்தவர் ஹன்கியூ கம்பனியை உருவாக்கிய கொபயாஷி இச்சிசோ. பாதை 1910இல் திறந்தது. மறுமுனைத் தக்கராசுகாவில் 1914இல் பெண்கள் மேடையேறும் அரங்கு, உமேதாவில் 1929இல் பல்பொருள் அங்காடி.

கேள்வி: மகன் கோபேயில் படிக்கிறான். உமேதாவில் எங்கே ஏறுவது? – வாசகர், நிலாவெளி

பதில்: 7, 8, 9ஆம் தண்டவாளங்கள் கோபேக்கு. விரைவு ரயிலில் கோபே-சன்னோமியாவுக்கு அரை மணி நேரத்துக்குள். பக்கத்தில் உள்ள ஒசாக்கா நிலையம் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) என்ற வேறு கம்பனியுடையது. ஜேஆர் ரயில்களுக்கான ஜப்பான் ரயில் பாஸ் ஹன்கியூவில் செல்லாது. 2019 ஒக்டோபருக்கு முந்திய வரைபடத்தில் வெறும் ‘உமேதா’ என்றே இருக்கும். போகிற தூரத்துக்குப் போதாத கட்டணத்தில் சீட்டு எடுத்துவிட்டால் பயப்பட வேண்டாம்: இறங்கும் நிலையத்தில் வெளிவாசலுக்கு முன்னே உள்ள இயந்திரத்தில் சீட்டைப் போட்டு மிச்சக் காசைக் கட்டுங்கள். அது தருகிற புதுச் சீட்டால் வாசல் திறக்கும்.