பெருந்தொற்று இளம் வைத்தியர்களின் பயிற்சியைக் குறைத்துவிட்டதா?

கொரோனாக் காலத்தில் பயின்ற வைத்தியர்களுக்குக் கைப்பழக்கம் குறைவா என்று கிளிநொச்சியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். சில துறைகளில் குறைவுதான். ஆனால் ஈடுசெய்யக்கூடிய குறைவு.

இலங்கையில் மருத்துவப் பட்டம் பெற்றவர், ஆறு மாதங்கள் வீதம் இரண்டு பிரிவுகளில் ஓராண்டு உள்ளகப் பயிற்சியை முடிக்க வேண்டும். 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியபின் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் தள்ளிப்போடப்பட்டன. ஹேர்னியா (குடலிறக்கம்) போன்ற சாதாரண சத்திரசிகிச்சைகளில்தான், நிபுணருக்கு எதிரே நின்று, முடிச்சுப் போடவும் தையலை இழுக்கும் அளவை விரலால் உணரவும் இளையவர் பழகுகிறார். காணொளி விரிவுரை அதைக் கற்பிக்காது. நீரிழிவு நோயாளிகளுக்கு மருந்துகள் தபாலில் சென்றதால், காலிலுள்ள புண்ணைத் தற்செயலாகக் கண்டுபிடிக்கும் கிளினிக் வாய்ப்பும் குறைந்தது. இதுவே பெரிய இழப்பு என்பேன்.

மாறாக, ஒட்சிசன் அளவு சரியும் நோயாளியைக் கையாளும் திறன் அக்காலத்தில் பயின்றவர்களுக்கு விரைவில் வாய்த்தது.

கிளிநொச்சியும் அடங்கிய வன்னியில் வயலும் காடும் அருகிருப்பதால் பாம்புக்கடி ஊரடங்குக்காகக் காத்திருப்பதில்லை. விரியன் கடித்ததாகச் சந்தேகிக்கப்படுபவரின் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, இருபது நிமிடங்கள் அசைக்காமல் வைத்துப் பின் சரித்து, உறைந்ததா என்று பார்க்கும் சோதனையைப் பெருந்தொற்றும் நிறுத்திவிடவில்லை. பாதுகாப்பு அங்கிக்குள் வியர்த்தபடி அதைச் செய்ய வேண்டியிருந்தது, அவ்வளவே.

விடுபட்ட சத்திரசிகிச்சைப் பழக்கத்தைப் பிந்திய நியமனங்களில், மூத்தவரின் மேற்பார்வையில், பெற்றுக்கொள்ளலாம்.