தாத்தாவின் புல்லட் எஞ்சினை வீட்டு கராஜிலேயே பிரித்துக் கட்டலாமா?

கேள்வி: தாத்தாவின் 1970களைச் சேர்ந்த புல்லட் 350 பல ஆண்டுகளாக நின்று, எஞ்சின் இறுகிவிட்டது. மெக்கானிக் பெருந்தொகை கேட்கிறார். வீட்டு கராஜில் நானே பிரித்துச் சீரமைக்க முடியுமா?

பதில்:

முடியும். பிரிப்பது, கழுவுவது, அளப்பது, திரும்பக் கட்டுவது ஆகிய நான்கையும் வீட்டிலேயே செய்யலாம். உலோகத்தைச் சீவும் வேலையை மட்டும் லேத் பட்டறைக்கு அனுப்பியே ஆக வேண்டும். ஆனால் நீங்கள் அளந்து எழுதி வைக்காத எந்தப் பாகத்தையும் எந்தப் பட்டறைக்கும் அனுப்பாதீர்கள். நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். இருந்தும் நீளமாக எழுதுவதற்குக் காரணம், எனக்கு முன்னால் பதில் எழுதிய ஒருவர் "வீட்டுப் பின்கட்டில் ஸ்பேனர் பிடிப்பவனெல்லாம் மெக்கானிக் ஆகிவிட முடியாது" என்று எழுதியிருப்பதுதான்.

நான் கோயம்புத்தூரில் ஃபிட்டர் வேலை கற்றுக்கொண்டவன். இப்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். என் கராஜில் நிற்பது மாமனாருடைய பி.எஸ்.ஏ. பி31. 71 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 88 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 348 சி.சி. கொண்ட ஒற்றை சிலிண்டர் வண்டி. உங்கள் புல்லட்டின் 70-க்கு 90, 346 சி.சி. என்ற கணக்கோடு ஒப்பிட்டால் இரண்டும் பங்காளிகள் என்றே சொல்லலாம். ஒன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தது. மற்றொன்று அதே நாட்டின் ரெட்டிச்சில் உருவாகி, 1956 முதல் திருவொற்றியூரில் கட்டப்பட்டது. எனவே இங்கே நான் பட்டதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

'பின்கட்டு மெக்கானிக்' என்ற ஏளனம் எங்கள் வீட்டில் எளிதாகக் கடந்துபோகும் சொல் அன்று. மாமா, அதாவது என் மாமனார், டர்பனில் மேகசின் பாரக்ஸ் என்ற நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்து, 1960களில் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப்பகுதிச் சட்டத்தின் கீழ் குடும்பத்தோடு சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டவர். 1922-ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டமும் வேலைகளை இனவாரியாக ஒதுக்கிய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதியும் இருந்த நாட்டில், அவரைப் போன்ற ஓர் இளைஞருக்குத் தேர்ந்த ஃபிட்டருக்கான சான்றிதழ் எட்டாக்கனியாகவே இருந்தது. கை மட்டும் சான்றிதழுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுப் பின்புறத்தில், தகரக் கூரையின் கீழ், அடுத்த தெருக்காரர்களின் நார்ட்டனையும் டிரையம்ஃபையும் பிரித்துப் பிரித்தே அவர் தொழிலைப் படித்தார். அந்தப் பின்கட்டை யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்குச் சுருக்கென்று தைக்கிறது. சான்றிதழ் வைத்திருந்த பட்டறை எனக்குச் செய்ததைப் பின்னால் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில் டர்பனைப் புரட்டிப் போட்ட பெருவெள்ளத்தில் எங்கள் கராஜுக்குள்ளும் சேற்று நீர் ஏறியது. ஊரில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த வேளையில் மோட்டார் சைக்கிளைப் பற்றி யார் நினைப்பார்கள்? நாங்கள் திரும்பிப் பார்த்தபோது கிக்கர் அசையவே இல்லை. உங்கள் வண்டிக்கும் இதே கதிதான் என்று ஊகிக்கிறேன். இந்த நிலையில் கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். கியரில் போட்டுத் தள்ளாதீர்கள். ஒட்டிக்கொண்டிருப்பவை துருவேறிய பிஸ்டன் ரிங்குகள் மட்டுமே என்றால் அவற்றை விட்டுக்கொடுக்க வைக்கலாம்; நீங்கள் உதைத்தால் வளைவது கனெக்டிங் ராடு (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு). ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலையோ கியர் ஆயிலைக் கலந்த மண்ணெண்ணெயையோ உள்ளே ஊற்றி ஊற விடுங்கள். பிறகு சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு, பிஸ்டன் தலையில் மரக்கட்டையை வைத்து மெல்லத் தட்டுங்கள். எங்கள் வண்டியில் அது ஒரு வாரமும் அசையாமல் இருந்துவிட்டு, ஒரு மாலை முடி அகலம் இறங்கியது. அதன் பிறகு தடையில்லை.

கருவிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய பிரிட்டிஷ் வண்டியிலும், பெரும்பாலும் உங்கள் காலத்துப் புல்லட்டிலும், இருப்பவை மி.மீ. மரைகள் அல்ல, விட்வொர்த் வகையைச் சேர்ந்த அங்குல மரைகள். விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. கிட்டத்தட்டப் பொருந்துகிறதே என்று 13 மி.மீ. ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனைகளை மழுக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எஞ்சினைத் தொடும் முன் சரியான ஸ்பேனர் செட் ஒன்றை வாங்குங்கள். புல்லட்டின் டைமிங் பக்கத்தில், கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் (திருகு வடிவப் பல்) இருக்கிறது. அது இடது மரை. வழக்கப்படி திருப்பினால் இன்னும் இறுகும்.

கிராங்க் சுழலும் கூடான கிராங்க் கேஸ் அலுமினியத்தால் ஆனது, பேரிங் எஃகால் ஆனது. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும். இதைத் தெரிந்துகொண்டால் சுத்தியலே தேவைப்படாது. கேஸைச் சுத்தமாகக் கழுவி, சமையலறை ஓவனில் நூறு பாகைக்குச் சற்று மேல் சூடேற்றி வெளியே எடுங்கள். ஒரு துளி தண்ணீர் தெறித்தால் சீறிக்கொண்டு ஓட வேண்டும். கேஸைக் கவிழ்த்து ஒரு பலகையில் லேசாகத் தட்டினால் பழைய பேரிங் தானாகவே பொத்தென்று விழும். புதிய பேரிங்கை முதல் நாளே உறையகத்தில் வைத்துவிட்டால், சூடான கேஸுக்குள் அது கைவிரலால் இறங்கிவிடும். இறங்கியதும் 'டொக்' என்ற ஓசை ஒன்று வரும். இதில் எங்களுக்கு இருந்த தொல்லை மின்வெட்டு. 2023-இல் இந்த நாட்டில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து ஓவனை மூட்டினாலும், பாதிச் சூட்டில் வீடே இருண்டுவிடும். மனைவி ஒருபுறம், "ஓவன் முழுவதும் ஆயில் நாற்றம், இனி இதில் எப்படி கேக் செய்வது?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். கேள்வி நியாயமானதுதான். கேஸை இரண்டு முறை சோப்பு நீரில் கழுவியே உள்ளே வைத்தேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

இனி அளவு. சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பிஸ்டன் அழுத்திச் சாயும் முன்பின் திசையில்தான் அதிகம் தேயும். கஜன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு கோக்கும் ஊசி) போகும் திசையில் குறைவாகத் தேயும். ஆகவே மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டங்களில், ஒவ்வொரு மட்டத்திலும் இரு திசைகளில், போர் கேஜால் (உள்விட்டம் அளக்கும் கருவி) அளந்து ஆறு எண்களையும் நோட்டில் எழுதுங்கள். எங்கள் சிலிண்டரில் மேலே ஒரு திசையில் 11 தௌ தேய்மானம். கீழே தேய்மானமே இல்லை எனலாம். (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, கோவைப் பட்டறைகளில் உங்களுக்கும் இதே சொல்தான் கேட்கும்.) வெள்ளத் துருவின் குழிகளும் இருந்ததால், 20 தௌ ஓவர்சைஸ் (இயல்பு அளவைவிடப் பெரிய) பிஸ்டனை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். அதற்கு மேல் சுங்கம், 15 விழுக்காடு வாட், போதாக்குறைக்குக் கூரியர் நிறுவனம் போட்ட 'கையாளுதல் கட்டணம்'. எதற்கான கையாளுதல் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பிஸ்டனின் விலையைவிட அதைக் கொண்டுவந்த செலவே என்னை அதிகம் உறுத்தியது.

இந்தப் பிஸ்டனையும் சிலிண்டரையும் நகரத்தில் பெயர் பெற்ற ஒரு பட்டறையில் கொடுத்தேன். பிஸ்டனோடு வந்த தாளில், பிஸ்டனின் கீழ்ப்பகுதிக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே 4 தௌ இடைவெளி வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. தாளையும் சேர்த்தே கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அழைத்தார்கள். போனவுடன் என் பையிலிருந்து போர் கேஜையும் மைக்ரோமீட்டரையும் எடுத்தேன். கவுன்டரில் நின்றவர் முகம் மாறியது. அளந்து பார்த்தால் இடைவெளி 1 தௌ மட்டுமே. பிஸ்டனைத் தொட்டே பார்க்காமல், பழைய அளவோடு 20 தௌவைக் கூட்டி, போரிங் எந்திரத்தை ஓட்டிவிட்டிருக்கிறார்கள். அப்படியே கட்டியிருந்தால் முதல் மேட்டிலேயே பிஸ்டன் விரிந்து சிலிண்டரைக் கவ்வியிருக்கும். பழி என் கராஜின் மேல் விழுந்திருக்கும். "வீட்டில் கட்டுபவர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு?" என்று உரிமையாளர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. நோட்டைத் திறந்து ஆறு எண்களையும் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே, சிலிண்டர் சுவரை மெல்லத் தேய்த்து விரிவாக்கும் ஹானிங் கல்லை மாட்டச் சொன்னார். நான் அங்கேயே நின்று, இரண்டு முறை இடையில் நிறுத்தி அளந்த பிறகே எடுத்து வந்தேன்.

எல்லாப் பட்டறைகளும் இப்படி என்று நான் சொல்லவில்லை. "நீர் ஃபிட்டர், உமக்கு அளக்கத் தெரியும், கேட்பவருக்குத் தெரியுமா?" என்று யாராவது வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மைக்ரோமீட்டர் படிக்க ஒரு பொழுது போதும். பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். கடைசல் செய்யக் கற்பதுதான் ஆண்டுக்கணக்கான வேலை. அதை நான் உங்களிடம் கேட்கவில்லை.

டர்பனின் கடல் காற்றில் இன்னொன்றையும் கண்டேன். அன்று மாலை துடைத்து வைத்த சிலிண்டரின் பளபளப்பான சுவர், எண்ணெய் பூசாத ஒரு விரற்கடை அகலத்தில் மட்டும் மறுநாள் காலையில் செம்பழுப்பாகியிருந்தது. பட்டறையிலிருந்து வந்த கையோடு சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவி (ஹானிங் மணல் பெட்ரோலில் போகாது), உடனே எஞ்சின் ஆயில் பூசிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ரிங்கையும் தனியே சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு இடையிலான வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். போரின் ஓர் அங்குல விட்டத்துக்கு 3 முதல் 4 தௌ என்பது பழைய கணக்கு. நமக்கு அது 10 தௌ அளவில் வரும்.

கிராங்கில் உங்கள் வண்டியும் என் வண்டியும் வேறுபடுகின்றன. பி31-இன் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனை) ரோலர் பேரிங். புல்லட்டில் இரு பக்கமும் சுழலும் மிதக்கும் புஷ். எதுவானாலும் சோதனை ஒன்றே: ராடை நேராக மேலும் கீழும் இழுத்தால் துளியும் ஆட்டம் தெரியக்கூடாது, பக்கவாட்டில் சிறிது அசையலாம். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் கிராங்கை அழுத்திப் பிரித்துச் சேர்க்கும் வேலையையும், ஃப்ளைவீல்களை டயல் கேஜில் 2 தௌவுக்குள் நேராக்கும் வேலையையும் அதிலேயே ஊறியவரிடம் கொடுத்துவிடுங்கள். இங்கே மட்டும் நான் பின்கட்டுக்காக வாதாட மாட்டேன். மாமாவே அதை வெளியில்தான் கொடுப்பாராம்.

டைமிங்குக்கு, அதாவது பொறி விழும் கணத்துக்கு வருவோம். பி31-இல் பாட்டரி இல்லாமலே பொறி தரும் லூகாஸ் மேக்னெட்டோ. பொறியை முந்த வைக்கும் அட்வான்ஸ் லீவரை முழுவதும் முன்னே தள்ளி, பிஸ்டன் டி.டி.சி.க்கு (பிஸ்டனின் உச்ச நிலை) ஏறத்தாழ 11 மி.மீ. முன்னால் நிற்கும்போது பாயிண்ட் (பிரிந்ததும் பொறி விழ வைக்கும் தொடுமுனை) பிரிய வேண்டும். பிரியும் கணத்தைப் பிடிக்க, பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளை வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே எஞ்சினைத் திருப்புவார் மாமா. தாள் நழுவும் இடமே டைமிங். உங்கள் புல்லட்டில் பாட்டரியும் காயிலும் இருக்கும். பாயிண்ட் பிரிவது டி.டி.சி.க்கு 0.8 மி.மீ. முன்னால் மட்டுமே, மீதி அட்வான்ஸைச் சுழலும் எடைகள் தாமே கொடுக்கும். இரண்டு எண்களையும் குழப்பிக்கொண்டால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்.

முதன்முறை ஓடும்போது சத்தத்தைவிட ஆயிலைக் கவனியுங்கள். எங்கள் வண்டியில் ஆயில் டேங்கின் மூடியைத் திறந்து வைத்தே உதைத்தோம். திரும்பி வரும் குழாயிலிருந்து முதலில் வெறும் காற்று வந்தது. பிறகு துப்பல் துப்பலாக, நுரையோடு ஆயில் வந்தது. உறிஞ்சும் பம்பு ஊட்டும் பம்பைவிடப் பெரியது என்பதால் அது அப்படித் துப்புவதே முறை. புல்லட்டில் ஆயில் கிராங்க் கேஸோடு சேர்ந்த அறையிலேயே இருக்கிறது; ஆனால் நிறுத்திய வண்டியில் ஆயில் கீழே இறங்கித் தேங்கும் குணம் இரண்டுக்கும் பொது. பல மாதம் நின்ற வண்டியை அடியில் வடிக்காமல் கிளப்ப வேண்டாம்.

இவ்வளவு பாடுபட்டு இதை எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்று இங்கே என்னையும் கேட்கிறார்கள். 1913 முதல் 1936 வரை நடந்த டர்பன்–ஜோஹனஸ்பர்க் பந்தயத்தின் நினைவாக ஆண்டுதோறும் ஓர் ஓட்டம் நடக்கிறது. 1936-க்குப் பின் செய்த வண்டிக்கு அதில் இடமில்லை, எனவே நாங்கள் ஓரத்தில் நின்று கைதட்டுவதோடு சரி. ஞாயிற்றுக்கிழமை மாமாவைப் பின்னால் உட்கார வைத்துக் கோயிலுக்குப் போகிறேன். அதற்குப் போதும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை மேலே தூக்கி, அந்த ஆறு அளவுகளையும் எடுத்து இங்கே எழுதுங்கள், பிஸ்டன் தலையில் ஓவர்சைஸ் எண் ஏதாவது பொறித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஏற்கெனவே எத்தனை முறை போர் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் மெக்கானிக் கேட்ட தொகை நியாயமா இல்லையா என்று நான் சொல்ல முடியாது.