வாசகர் கேள்வி – பதில்: மரமும் மீனும் ஆறும் பேசும் ஆப்பிரிக்கப் பழமொழிகள்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, "தனியாக நின்று காற்றை ஏற்கும் மரம் முறியும்" என்ற ஆப்பிரிக்கப் பழமொழியைக் குறிப்பிட்டிருந்தேன். அதைத் தொடர்ந்து கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளமையால் இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தப் பொருளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிப் பேச்சுப் போட்டியில் 'ஆப்பிரிக்கப் பழமொழிகளில் இயற்கை' என்ற தலைப்பு அவளுக்குக் கிடைத்திருக்கிறது. கைபேசியில் தேடினால் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எல்லாவற்றின் கீழும் 'ஆப்பிரிக்கப் பழமொழி' என்று மட்டுமே போட்டிருக்கிறார்கள். எதை நம்பிச் சொல்லிக்கொடுப்பது?
— வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, உங்கள் ஐயம் மிகச் சரியானது. ஆப்பிரிக்கா 54 நாடுகளும் ஏறத்தாழ 2,000 மொழிகளும் கொண்ட கண்டம். 'ஆசியப் பழமொழி' என்று எழுதி அதன் கீழே திருக்குறளையும் சீனச் சொலவடையையும் ஒன்றாகப் போட்டால் நாம் ஒப்புக்கொள்வோமா? ஆகவே எந்தப் பழமொழியைக் கண்டாலும், இது எந்த மக்களுடையது, அவர்கள் மொழியில் எப்படி ஒலிக்கிறது, அதில் வரும் மரமோ விலங்கோ அவர்கள் மண்ணில் உண்டா என்று மூன்று கேள்விகளைக் கேட்கும்படி மகளிடம் சொல்லுங்கள். "விரைவாகப் போக வேண்டுமானால் தனியே போ, தொலைதூரம் போக வேண்டுமானால் சேர்ந்து போ" என்ற புகழ்பெற்ற வாசகம் மேடைதோறும் ஆப்பிரிக்காவின் பெயரில் சொல்லப்படுகிறது. ஆனால் இது இன்ன மக்களின் பழமொழி என்று யாரும் உறுதியாகக் காட்டியதில்லை. அதை விட்டுவிடலாம்.

மாறாக, கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில், லாமு, மொம்பாசா, சான்சிபார் போன்ற ஊர்களில் பேசப்படும் சுவாஹிலி மொழியிலிருந்து ஒன்றைத் தருகிறேன். "சமாக்கி ம்குஞ்சே அங்காலி ம்பிச்சி", அதாவது "மீன் பச்சையாக இருக்கும்போதே அதை வளைத்துக்கொள்." இதன் பொருளை உங்கள் மகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்தில் காலையில் கூடையில் வளைந்து கிடக்கும் மீனையும், வெயிலில் காய்ந்தபின் வளைக்கப்போனால் ஒடிந்துவிடும் கருவாட்டையும் அவள் பிறந்தது முதல் பார்த்திருப்பாள். நம்முடைய "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்பதும் இதே கருத்துதான். ஆயினும் இரண்டுக்கும் தொனியில் ஒரு வேறுபாடு உண்டு. நம் பழமொழி காலம் கடந்த பிறகு எழும் பெருமூச்சைப் போலக் கேட்கிறது; சுவாஹிலிப் பழமொழியோ, இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே செய் என்று பெற்றோருக்குக் கட்டளையிடுகிறது. குழந்தை வளர்ப்பில் எனக்கு இரண்டாவது தொனியே பிடித்திருக்கிறது.

அதே மொழியில் இன்னொன்று: "மாஜி யா கிஃபூ, பஹாரி யா சுங்கு." கொட்டாங்கச்சியில் உள்ள தண்ணீர் எறும்புக்குக் கடல் என்பது இதன் பொருள். "எறும்புக்குக் கொட்டாங்கச்சித் தண்ணீர் சமுத்திரம்" என்று நம் பாட்டிமார் சொன்ன அதே வாக்கியம்! ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று சொல்ல என்னிடம் சான்று ஏதும் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் இந்துப் பெருங்கடலின் இரு கரைகளிலும் தென்னை உண்டு, உடைத்துப் போட்ட கொட்டாங்கச்சி உண்டு, மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்குவதும் எறும்பு அதன் விளிம்பில் தத்தளிப்பதும் உண்டு. குனிந்து பார்க்கும் பொறுமை இரு கரையினருக்கும் இருந்திருக்கிறது. மகளை இந்த ஒன்றையாவது இரு மொழியிலும் சொல்லச் சொல்லுங்கள்.

கேள்வி: 'தானே' புயலில் எங்கள் முந்திரித் தோப்பு முழுவதும் போயிற்று. தனிமரம் முறியும் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, சேர்ந்து நின்ற மரங்களும்தானே சாய்ந்தன என்று மனம் கேட்டது. அந்தப் பழமொழியை எப்படிப் புரிந்துகொள்வது?
— வாசகர், பண்ருட்டி

பதில்: ஐயா, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய அந்தப் புயல், முந்திரியையும் பலாவையும் தோப்புத் தோப்பாகச் சாய்த்ததை நேரில் கண்டவர் நீங்கள். நேரில் கண்டவர் முன்னால் பழமொழியை நீட்டும்போது எழுதுகிறவன் கவனமாக இருக்க வேண்டும் என்பதை உங்கள் கடிதம் எனக்கு உணர்த்தியது.

அது கானா நாட்டில் வாழும் அக்கான் மக்களின் பழமொழி. த்வி மொழியில் வழங்குவது. அதில் வரும் மழைக்காட்டு மரங்களின் இயல்பைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அடர்ந்து வளரும் காட்டில் ஒவ்வொரு மரமும் காற்றின் விசையில் ஒரு பங்கைத் தாங்கி, அடுத்த மரத்துக்குக் குறைந்த காற்றையே விடுகிறது. வயலுக்காகச் சுற்றிலும் வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் நிறுத்தினால், இதுவரை தோழர்களின் தயவில் உயர்ந்து வளர்ந்த அந்த மரம், பழக்கமில்லாத முழுக் காற்றையும் தனியே ஏற்று முறிந்துபோகிறது. காடு திருத்தி உழுத மக்கள் கண்ணால் கண்ட செய்தி அது. சேர்ந்து நின்றால் எந்தப் புயலிலும் விழமாட்டோம் என்று அந்தப் பழமொழி வாக்குக் கொடுக்கவில்லை; தனித்து நிற்பதன் விலையை மட்டுமே சொல்கிறது.

நைஜீரியாவின் யொரூபா மக்கள் "ஒற்றை மரம் காடாகாது" என்கிறார்கள். நம் "தனிமரம் தோப்பாகாது" என்பதை ஏறக்குறைய சொல்லுக்குச் சொல் ஒத்தது. ஆனால் அவர்கள் சொல்வது காடு, நாம் சொல்வது தோப்பு என்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை. காடு தானாக வளர்வது. தோப்பு ஒருவர் கை வைத்து வளர்ப்பது. முந்திரிக் கன்று நட்டுக் காய்ப்புக்கு வர ஆண்டுக்கணக்கில் காத்திருந்த உங்களைப் போன்றவர்களின் உழைப்பு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. முந்திரியும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்து நம் கரையிலும் ஆப்பிரிக்கக் கரையிலும் பரப்பிய மரம்தான். இன்று மேற்கு ஆப்பிரிக்க உழவர்களும் உங்களைப் போலவே அதை நம்பி வாழ்கிறார்கள்.

சேர்ந்து நிற்பதைப் பற்றி உங்களுக்கு இன்னும் பொருந்தக்கூடியது எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் பழமொழி என்று நினைக்கிறேன்: "சிலந்தி நூல்கள் ஒன்றுகூடினால் சிங்கத்தையும் கட்டும்." இங்கே பேசப்படுவது பெரிய மரங்கள் அல்ல, ஊதினால் அறுந்துபோகும் நூல். விழுந்த தோப்பில் கிளை அறுக்கவும் வழி திறக்கவும் ஒருவருக்கொருவர் உதவிய அண்டை வீட்டாரைப் பற்றி உங்கள் கடிதத்தின் பிற்பகுதியில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதியைப் படித்தபோதே இந்தப் பழமொழி என் நினைவுக்கு வந்தது.

கேள்வி: "யானைகள் சண்டையிட்டால் நசுங்குவது புல்" என்பது யாருடைய பழமொழி? யானை பற்றி வேறு ஏதாவது உண்டா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: கென்யாவின் கிக்குயு மக்களிடமும் சுவாஹிலி பேசுவோரிடமும் வழங்குகிறது. சுவாஹிலியில் யானைக்குப் பதிலாக இரண்டு காளைகள் மோதுவதாகவும் சொல்வதுண்டு. தென்னாப்பிரிக்காவின் சூலு மக்கள், "யானைக்குத் தன் தும்பிக்கை பாரமாவதில்லை" என்பார்கள். பெற்ற பிள்ளையைச் சுமக்கும் தாயைப் பார்த்து நாம் "கொடிக்குக் காய் பாரமா?" என்று கேட்பது போன்றது.

கேள்வி: என் தந்தையார் புதுச்சேரி நெசவாலை ஒன்றில் வேலை செய்தவர். நம் துணி முற்காலத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போனது என்று சொல்வார். அது உண்மையா? அப்படியானால் அந்த நாட்டுப் பழமொழி ஒன்றையும் சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியை, முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: உங்கள் தந்தையார் சொன்னது முற்றிலும் உண்மை, அம்மா. அவுரிச் சாயத்தில் தோய்த்த கருநீலப் பருத்தித் துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் 'கினே' என்று அழைத்தார்கள். புதுச்சேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நெய்து சாயமிட்ட அந்தத் துணி, பிரான்சு வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குச் சென்றது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே அது உடுக்கும் துணியாக மட்டும் அல்லாமல் பணமாகவே புழங்கியது. பாலைவன விளிம்பில் வளரும் ஒருவகை வேலமரத்தின் பிசினுக்கு விலையாக நம் நீலத்துணி எண்ணிக் கொடுக்கப்பட்டது. அந்தப் பிசின் ஐரோப்பாவில் துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டிப்படுத்தப் பயன்பட்டது. நம் சாயத் தொட்டியில் கை நீலமானவர்களும், முள்மரத்தைக் கீறிப் பிசின் எடுத்தவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. அந்தப் பிசினை எடுத்தவர்களில் பலர் அடிமைகள் என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு தொடர்பும் உண்டு. செனகலில் 1820களில் தாவரங்களைச் சேகரித்து ஆராய்ந்த பெரோத்தே என்ற தாவரவியலாளர், பிற்காலத்தில் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவின் பொறுப்பை ஏற்று நீண்டகாலம் பணியாற்றி 1870இல் புதுச்சேரியிலேயே மறைந்தார். அந்தப் பூங்காவில் காலை நடைக்குச் செல்லும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

செனகலின் வோலோஃப் மக்கள், "மெல்ல மெல்லத்தான் புதரில் குரங்கைப் பிடிக்கலாம்" என்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அந்த நாட்டின் தேசிய மரம் நாம் பெருக்க மரம், பொந்தன்புளி என்றெல்லாம் அழைக்கும் மரம். மழைக்காலத்து நீரைத் தன் பருத்த தண்டில் சேர்த்துவைத்துக்கொண்டு, ஆண்டின் பெரும்பகுதி இலையின்றி நிற்கும் மரம் அது. பட்டையை உரித்துக் கயிறு திரித்தாலும் மீண்டும் பட்டை வளர்த்துக்கொள்ளும். ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தவையும் உண்டு. கானா, டோகோ நாடுகளில் வாழும் எவே மக்கள் இந்த மரத்தை நினைத்தே, "அறிவு பெருக்க மரம் போன்றது; ஒருவர் கைகளால் அதைத் தழுவிவிட முடியாது" என்கிறார்கள். இதைச் சொன்னவர்கள் அந்த மரத்தடியில் கைகளை விரித்து நின்று பார்த்தவர்கள். ஒருவர் கைகோத்தால் போதாது, இன்னொருவர் வேண்டும், அதன்பின் இன்னும் சிலர் வேண்டும் என்று அடுத்தவரை அழைத்த அனுபவம் அந்த வாக்கியத்துக்குள் இருக்கிறது. 'கற்றது கைம்மண் அளவு' என்று நாம் சொல்லும்போது மனம் பணிகிறது. எவே மக்கள் சொல்லும்போது பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடத் தோன்றுகிறது. ஆசிரியையாக இருந்த உங்களுக்கு இதை அனுப்பிவைப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: எழுத்து இல்லாத மக்கள் இவ்வளவு பழமொழிகளை எப்படிக் காப்பாற்றினார்கள்? நான் கல்லூரியில் தமிழ் படிக்கிறேன். துறை விழாவில் பேச வேண்டும்.
— மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: தம்பி, முதலில் ஒரு திருத்தம். எத்தியோப்பியாவின் கீஸ் எழுத்து 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலேயே காணப்படுகிறது. சுவாஹிலி மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். எழுத்தில்லாக் கண்டம் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள். த்வி மொழியைப் பொறுத்தவரை, கிறிஸ்டாலர் என்ற பாதிரியார் 3,600 பழமொழிகளைத் திரட்டி 1879இல் பாசல் நகரில் அச்சிட்டார். அதற்கு 5 ஆண்டுகளுக்கு முன்பு, 1874இல், பெர்சிவல் பாதிரியார் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் வெளியிட்டிருந்தார். ஒப்பிட்டுப் பேச உங்களுக்கு இது உதவும்.

ஆனால் அச்சுக்கு முன்பே அக்கான் மக்களிடம் வேறொரு வழி இருந்தது. த்வி மொழியில் ஒலியின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். 'அத்தும்பன்' என்ற இரட்டை முரசில் ஒன்று தாழ்ந்த ஒலியும் மற்றது உயர்ந்த ஒலியும் எழுப்பும்; ஆகவே தேர்ந்த முரசுக்காரர் வாய் திறக்காமலே சொற்றொடரின் ஏற்ற இறக்கத்தை முரசில் எழுப்பிப் பழமொழிகளைப் 'பேசுவார்'; கேட்பவர்களும் புரிந்துகொள்வார்கள். அந்த முரசு வரிகளில் ஒன்றை உங்கள் உரைக்குத் தருகிறேன்:

"பாதை ஆற்றைக் கடக்கிறது, ஆறு பாதையைக் கடக்கிறது, இவற்றில் மூத்தது எது? பாதையை நாம் வெட்டிச் சென்று ஆற்றைக் கண்டோம். ஆறோ அன்றே வந்தது, படைத்தவனிடமிருந்து வந்தது."

உங்கள் ஊரில் இதற்கு மேடை அமைக்க வேண்டியதே இல்லை. 7ஆம் நூற்றாண்டில் அப்பர் பெருமான் அதிகைக் கெடில ஆற்றைப் பாடியபோது, இன்று நீங்கள் கல்லூரிக்குச் செல்லக் கடக்கும் பாலம் இல்லை, சாலை இல்லை, ஆறு இருந்தது. விழாவில் முதல் வரியையும் "மூத்தது எது?" என்ற கேள்வியையும் மட்டும் சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள். அவையில் யாராவது விடை சொல்லட்டும். அதன்பின் மீதியைச் சொல்லுங்கள்.