மாத்திரையை நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் போகலாமா?

வணக்கம். தங்கைக்கு மனச்சோர்வு என்று மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்துப் பத்து நாளாகியும் மாற்றமில்லை, அவர் பத்து நிமிடம்தான் பேசினார், நிறுத்திவிட்டு ஆலோசகரிடம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் வேலை செய்வது தெரியவே பெரும்பாலும் 2 முதல் 4 வாரம் ஆகும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கேடு வரலாம்.

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டறிவதும் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதும் அவர் வேலை. தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து பேசிச் சிகிச்சை தருபவர் உளவியல் நிபுணர். பெரும்பாலும் மருந்து எழுத மாட்டார். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. பேச்சு சிகிச்சையில், நோட்டில் மூன்று கட்டம் போடச் சொன்னார்கள்: என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, வேறு எப்படிப் பார்க்கலாம். "நண்பன் போனை எடுக்கவில்லை", "என்னை ஒதுக்கிவிட்டான்" என்று எழுதுவேன். மூன்றாவது கட்டம் பல வாரம் காலியாகவே கிடந்தது. ஒருநாள் "தூங்கியிருப்பான்" என்று எழுதினேன். அன்றைக்கு அழுதுவிட்டேன், நிம்மதியில்.

அடுத்த முறை மருத்துவரிடமே "பேச்சு சிகிச்சைக்கு யாரைப் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். அப்புறம், சாவைப் பற்றித் தங்கை பேசினால் அடுத்த தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். தனியாக விடாமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.