வாசகர் கேள்வி – பதில்: சிறையைக் காட்டினால் சிறுவர்கள் திருந்துவார்களா?

கேள்வி: வடசென்னையில் நண்பர்களுடன் சேர்ந்து மாலை நேர மையம் ஒன்றை நடத்துகிறேன். பள்ளியை விட்டு நின்று, கஞ்சாவுக்கும் சில்லறைத் திருட்டுக்கும் பழகத் தொடங்கியுள்ள இருபது சிறுவர்களைச் சிறைக்கு அழைத்துச் சென்று ஆயுள் கைதிகளோடு பேச வைத்தால் பயந்து திருந்துவார்கள் என்கிறார் ஒரு நன்கொடையாளர்; செலவையும் அவரே ஏற்கிறார். செய்யலாமா?
– தன்னார்வலர் ஒருவர், சென்னை

பதில்: வேண்டாம். இந்த யோசனை அமெரிக்காவில் ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டது. நியூஜெர்சியின் ராவே சிறையில் 1970களில் ஆயுள் கைதிகள் சிறுவர்களை எதிரே உட்காரவைத்து, சிறை வாழ்வின் கொடுமைகளைக் கத்திச் சொல்லி மிரட்டினார்கள். பார்த்தவர்கள் மெய்சிலிர்த்துப் பாராட்டினார்கள், பல மாநிலங்கள் பின்பற்றின. பின்னர் இத்தகைய திட்டங்களில் முறையாக ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்கு அழைத்துச் செல்லப்படாத சிறுவர்களைவிட அழைத்துச் செல்லப்பட்டவர்களே அதிகமாகக் குற்றத்தில் இறங்கியது தெரியவந்தது. 'அடியாத மாடு படியாது' என்று வளர்ந்த நமக்கு இதை ஏற்பது சற்றுக் கடினம்தான்.

அன்பாக நடத்தினால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1939இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் 506 சிறுவர்களில் பாதிப் பேருக்கு ஆலோசகர், பாடத்தில் உதவி, மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்டு என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பார்த்தபோது, உதவி பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது. கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களிடம் அந்தக் கேடு அதிகம் என்று பின்னர் தெரிந்தது. தடுமாறும் சிறுவர்களைப் பொறுக்கி ஒரே இடத்தில் சேர்த்தால், நம் அறிவுரையைவிட ஒருவரிடமிருந்து மற்றவர் கற்பது வேகமாக ஏறுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

ஆகவே உங்கள் இருபது பேரைத் தனி அணியாக்காதீர்கள். வடசென்னையில் கேரமுக்கும் கால்பந்துக்கும் ஆள் தேட வேண்டியதில்லை. ஒழுங்காகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளோடு இவர்களையும் கலந்து விளையாடவிடுங்கள். இரண்டு நாள் வராத சிறுவனின் வீட்டுக்கு மூன்றாம் நாள் நேரில் போய்ப் பார்க்கும் ஒரே ஒரு பெரியவர், பத்து முகாம்களைவிடப் பயனுள்ளவர் என்பது என் கருத்து. அவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றாமலும் இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் தவறியவனைத் துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வையுங்கள். எட்டாம் வகுப்பு முடித்தவனுக்கும் ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளில் இடமுண்டு.

நன்கொடையாளரிடம் சிறைப் பயணத்துக்கான தொகையை அந்தப் பெரியவரின் சம்பளமாகத் தரும்படி கேளுங்கள். அதில் புகைப்படம் எடுக்க ஒன்றும் இராது என்பதால் அவர் தயங்கக்கூடும். எத்தனை பேர் விழாவுக்கு வந்தார்கள் என்பதற்குப் பதிலாக, ஓராண்டு கழித்து எத்தனை பேர் படிப்பிலோ வேலையிலோ நிலைத்திருக்கிறார்கள் என்ற கணக்கைக் காட்டுங்கள். வழக்கில் சிக்கிய சிறுவர் எவரேனும் இருந்தால், அவரை அடையாளம் காட்டும் பெயரையோ படத்தையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது.

கேள்வி: காப்பகத்தில் வளரும் என் அக்காள் மகனுக்கு விரைவில் 18 வயது நிறைகிறது. அதன்பின் அவனுக்கு உதவி ஏதும் உண்டா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 46ஆம் பிரிவில் காப்பகத்தை விட்டு வெளியேறுவோருக்கு நிதியுதவி அளிக்க வழி செய்கிறது. அதன் மாதிரி விதிகளின்படி பின்காப்பு உதவி 21 வயது வரையிலும், சிறப்புச் சூழலில் 23 வரையிலும் தொடரலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இப்போதே விண்ணப்பியுங்கள். ஆதார், சாதிச் சான்றிதழ், பள்ளி மாற்றுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு நான்கையும் அவன் காப்பகத்தில் இருக்கும்போதே பெற்றுவிடுங்கள், வெளியே வந்தபின் ஒவ்வொன்றுக்கும் முகவரிச் சான்று கேட்பார்கள்.