பத்துச் சேலைகளோடு கடையைத் திறக்கலாம்

கேள்வி: மதுரையில் வீட்டிலிருந்தபடியே ஆறு ஆண்டுகளாக வாட்ஸ்அப் குழு வழியாகச் சுங்குடிச் சேலைகள் விற்று வருகிறேன். சொந்தமாக ஓர் ஆன்லைன் கடை தொடங்க மூன்று மாதங்களாக முயல்கிறேன். 200 சேலைகளுக்குப் படம் எடுப்பது, விவரம் எழுதுவது, பணம் பெறும் வசதி, கூரியர், ஜி.எஸ்.டி. என்று ஒன்றை முடிப்பதற்குள் இன்னொன்று முளைக்கிறது. இரவில் உறக்கமே வருவதில்லை. வாங்குபவருக்கும் எளிதாக இருக்க வேண்டும், எனக்கும் நிம்மதி வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னைக் கவலை கொள்ள வைத்தது 200 என்ற எண்தான். எந்தச் சேலையை மக்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குகிறார்கள் என்பது இந்த ஆறு ஆண்டுகளில் உங்களுக்கு மனப்பாடமாகியிருக்கும். அவற்றில் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒருவர் அதைப் பார்த்து, தேர்ந்து, பணம் செலுத்தி, பார்சலைக் கையில் வாங்கும் வரையுள்ள வழி முழுவதையும் குறையில்லாமல் அமைத்துக் கடையைத் திறந்துவிடுங்கள். மற்ற 190 சேலைகளும் அதே வழியில் வாரத்துக்குச் சிலவாக வந்து சேரட்டும்.

மென்பொருளுக்காக அதிகம் அலைய வேண்டாம். கனடாவில் பனிச்சறுக்குப் பலகைகளை ஆன்லைனில் விற்க முயன்ற சிலர், தங்களுக்குப் பொருத்தமான மென்பொருள் கிடைக்காமல் தாங்களே எழுதிக்கொண்டதுதான் 2006-இல் ஷாப்பிஃபை என்ற ஆன்லைன் கடை மென்பொருள் ஆயிற்று. அவர்கள் பட்ட பாட்டை நீங்கள் பட வேண்டியதில்லை. மாத வாடகை கட்டினால் பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். வூகாமர்ஸ் என்ற இன்னொரு கடை மென்பொருள் இலவசம் என்றாலும், அதை நிறுவும் இணைய இடத்துக்கான செலவும் அவ்வப்போது புதுப்பிக்கும் பொறுப்பும் உங்களுடையவை. உதவிக்குத் தொழில்நுட்பம் தெரிந்தவர் வீட்டில் இல்லையென்றால் வாடகை வழியே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

உங்கள் உழைப்பு சேர வேண்டிய இடம், கடையில் ஒவ்வொரு சேலையையும் காட்டும் இணையப் பக்கம். அதில் என்ன எழுதுவது என்று தவிக்க வேண்டாம்; அது உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. "ப்ளவுஸ் சேர்ந்ததா?", "சாயம் போகுமா?", "கஞ்சி போட வேண்டுமா?", "படத்தில் தெரியும் அதே நிறமா?" என்று இத்தனை ஆண்டுகளாக உங்களிடம் கேட்கப்பட்ட கேள்விகளை வாட்ஸ்அப்பிலிருந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, நீங்கள் அன்று சொன்ன அதே சொற்களில் பதில் எழுதினால், வாங்குபவர் தேடும் விவரம் அனைத்தும் பக்கத்தில் வந்துவிடும், உங்களுக்கு வரும் அழைப்புகளும் குறையும். சேலை எத்தனை மீட்டர், ப்ளவுஸ் துணி அதில் அடங்குமா என்பது விலைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனாலும் அந்தப் பெயரில் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய சேலையும் விற்கிறது, அச்சுப் பதித்த சேலையும் விற்கிறது. உங்களுடையது எது என்று வெளிப்படையாக எழுதுங்கள். முடிச்சுப் புள்ளிகள் ஒன்றுபோல் இரா என்பதை முன்பே அறிந்தவர் அதைக் குறையென்று சொல்லித் திருப்பி அனுப்ப மாட்டார். படங்களைப் பகல் வெளிச்சத்தில், சன்னலோரமாக, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். முழுச் சேலை, முந்தானை, புள்ளிகளை நெருக்கத்தில் காட்டும் படம் என மூன்று போதும்.

பணம் செலுத்தும் பக்கத்தில் பெயர், கைப்பேசி எண், முகவரி, ஆறு இலக்கப் பின்கோடு ஆகியவற்றுக்கு மேல் எதையும் கேட்காதீர்கள். கணக்குத் தொடங்கி, கடவுச்சொல் வைத்தால்தான் வாங்க முடியும் என்ற கட்டாயம் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் ஆனபின், கடையை இதுவரை பார்த்திராத ஒருவரிடம், உங்கள் பெரியம்மாவிடமோ எதிர்வீட்டு அக்காவிடமோ கைப்பேசியைக் கொடுத்து, "எனக்கு ஒரு சேலை வாங்கித் தாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு, வழிகாட்டாமல் அருகில் உட்கார்ந்திருங்கள். அவர் விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கேதான் திருத்தம் தேவை. இத்தகைய சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று இணையதளங்கள் பயன்படுத்த எளிதாக இருக்கின்றனவா என்று ஆராயும் வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதினார். சிறு கடைக்கு அது நல்ல கணக்கு.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, பொருள்களை மாநிலத்துக்குள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் விற்பனை எவ்வளவானாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. சில கைவினைப் பொருள்களுக்கு விலக்கு இருப்பதால், உங்கள் சேலை அதில் அடங்குமா என்று ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அதுவரை தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்பலாம்.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020-இன் மின்வணிக நுகர்வோர் விதிகள், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் அது கிடைத்ததென்று தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் சொல்கின்றன. சட்டமே இவ்வளவு நேரம் தரும்போது, இரவு பதினொரு மணிக்கு வரும் குறுஞ்செய்திக்கு நீங்கள் எழுந்து பதில் சொல்ல வேண்டியதில்லை. "பார்சல்கள் திங்களும் வியாழனும் அனுப்பப்படும், அழைப்புகளுக்குக் காலை 10 முதல் மாலை 5 வரை பதில் கிடைக்கும்" என்று கடையின் முகப்பிலேயே எழுதிவிட்டு, அதைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். வாங்குபவர்கள் காத்திருப்பார்கள், எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் அவர்களைத் தொல்லைப்படுத்துகிறது.

கேள்வி: பொடி வகைகளுக்கு ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். கூடையில் போடுபவர்கள் பலர், வாங்காமலே போய்விடுகிறார்கள். என் கடையில் என்ன குறை?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆன்லைன் கடைகளில் கூடையில் போட்டவர்களில் சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் வாங்காமல் போவதாக டென்மார்க்கின் பேமார்ட் ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பு காட்டுகிறது. ஆகவே அதை உங்கள் தோல்வியாக எண்ணி வருந்த வேண்டாம். கூரியர் கட்டணத்தை எந்தப் பக்கத்தில் காட்டுகிறீர்கள் என்று மட்டும் பாருங்கள். 120 ரூபாய் பருப்புப் பொடிக்குக் கடைசிப் பக்கத்தில் 80 ரூபாய் கூரியர் சேர்ந்தால் யாரும் தயங்கத்தான் செய்வார்கள். செலவுகளை மறைத்து வைத்துக் கடைசியில் சேர்ப்பதை 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் தடுக்கின்றன. கட்டணத்தைப் பொடியின் விலைக்குக் கீழேயே எழுதுங்கள். மூன்று பொட்டலங்கள் சேர்ந்த தொகுப்பு ஒன்றையும் வையுங்கள். ஒரே கூரியர் செலவில் மூன்றும் போய்ச் சேரும்.