கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: படம் பார்த்துவிட்டு வந்து யூடியூபில் விளக்கம் கேட்டால்தான் கதையே புரிகிறது. எனக்குத்தான் ரசனை போதவில்லையா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லவே இல்லை, அம்மா. போன மாதம் நானும் ஒரு படத்துக்குப் போனேன். இடைவேளைக்குள் ஐந்து முறை 'ஆறு மாதங்களுக்கு முன்பு' என்று எழுத்து வந்தது. கதாநாயகியின் அப்பா சாகிற காட்சியில் அழுதிருக்க வேண்டும். இது எந்த வருஷம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் கண்ணீரை என்னிடமிருந்து பறித்துவிட்டார்களே என்று இன்னமும் ஆதங்கம்.

முன்னும் பின்னும் போவது தப்பில்லை. 1954-இல் வந்த 'அந்த நாள்' பாருங்கள். பாட்டே கிடையாது. 1943-இல் சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த சமயத்துக் கதை. தொடக்கத்திலேயே சிவாஜி சுட்டுக் கொல்லப்படுகிறார். பிறகு ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஆனால் நம் கேள்வி ஒன்றுதான்: சுட்டது யார்? அந்தக் கயிற்றை நம் கையிலிருந்து நழுவவிடாமல் கடைசிவரை கொண்டுபோகிறார் இயக்குநர் எஸ்.பாலசந்தர்.

நாவலிலும் இதே பாடுதான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர், யார் பேசுவது என்றே தெரியாத ஒரு புத்தகத்தை 140-ஆம் பக்கத்தில் மூடிவிட்டேன். நீங்களும் தயங்காமல் மூடுங்கள்.